பாப்பாவுக்கு வாங்கிய சைக்கிள்

நம்ம செட்டுக்கு இப்போது ஒரு புது வியாதி வந்திருக்கிறது. நாற்பதை எட்டிப் பார்ப்பதற்குள் டாக்டர் சர்க்கரை என்கிறார், கொழுப்பு என்கிறார். உடனே சைக்கிள் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். எது வாங்கலாம் என்று என்னைக் கேட்காத சிநேகிதன் இல்லை. இரண்டு மாதமாக நானும்தான் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். முதுகை வில்லாக வளைத்து, கண்ணைத் தார் ரோட்டிலேயே வைத்திருக்கச் சொல்லும் வண்டிகள். இருபத்தொரு கியர். 'பால் பாக்கெட்டை எங்கே வைப்பது?' என்று கேட்டால் விற்கிற பையன் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறான்.

போன வாரம் ஒரு கடையின் மூலையில் ஒன்று நின்றது. நிமிர்ந்து உட்காருகிற வண்டி. நடுவில் உயரக் கம்பி கிடையாது. தாழ வளைந்து போகிற கம்பிதான். செயினை முழுசாக மூடிய தகடு, முன்னால் கூடை, பின்னால் அகலமான கேரியர்.

"டச்சு மாடல் சார். அந்த ஊர்ல எல்லாரும் இதுலதான் கடை கண்ணிக்குப் போவாங்களாம்."

"ஆம்பளைங்களுமா?"

"அவங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்க சார்."

வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. எந்த சைக்கிள் நல்லது என்று உங்களுக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு சைக்கிள் எப்படி வந்தது என்பது மட்டும் தெரியும்.

கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டம் ஆகியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுப்பதும் எங்கள் பக்கம் வரவில்லை. வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி எங்கள் தெரு. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தது அக்காவும் நானும்தான். அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பத்து. ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க வேண்டுமானால் கள்ளக்குறிச்சிதான். காலையில் வருகிற ஒரே பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அக்கா எட்டாவது பரீட்சை எழுதி முடித்த அன்றே அம்மா சொல்லிவிட்டாள்: "போதும். படிச்ச வரைக்கும் போதும். எங்கூட மல்லாட்ட பறிக்க வா." மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலை.  அந்தக் கோடையில் அக்கா உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பெருக்கின வாசலையே மறுபடி பெருக்குவாள். குடத்தைக் கவிழ்ப்பாள், நிமிர்த்துவாள். எட்டாவது புத்தகங்களை ஒரு சாக்கில் கட்டுவாள்; சாயங்காலம் அவிழ்ப்பாள்.

அப்பா கள்ளக்குறிச்சிக்குப் போகும் வழியிலிருந்த ஒரு ஜவ்வரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு லாரிகள் இறங்கும். அந்த வருஷம் பொங்கல் கழிந்து, ஈரக் கிழங்கு லாரியின் மேலிருந்து அப்பா வழுக்கி விழுந்தார். சுளுக்கு என்றார். அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். பத்து நாளில் 'சரியாப் போச்சி' என்று அவரே சொல்லிவிட்டார். நாங்களும் மறந்துபோனோம்.

சரியாகவில்லை. பிறகு கூட்டிச் சேர்த்துத் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதுகில் மூட்டை இருந்தால் அப்பா நேராக நடந்துவிடுவார். வெறும் கையோடு மூன்று மைல் நடந்தால்தான் வலது இடுப்பு சாயும், கால் இழுக்கும். மில்லில் ஆட்களை வேலைக்கு வைப்பதும் நிறுத்துவதும் மேஸ்திரி. சீசன் ஓயும் மாதங்களில் அவர் காலையில் வாசலில் நின்று, வருகிற நடையைப் பார்த்தே ஆளைக் கழிப்பார். நொண்டிக்கொண்டு வந்த இரண்டு பேரை அப்பாவின் கண்ணெதிரே திருப்பி அனுப்பியிருந்தார். ஆகவே அப்பா விடிவதற்கு முன்பே புறப்பட்டுப் போய், மற்றவர்கள் வருவதற்குள் ஒரு மூலையில் உட்கார்ந்து இடுப்பை ஆற வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒருநாள் திடீரென்று "ஒரு சைக்கிள் வாங்கிடலாம்" என்றார். வீட்டில் வளர்த்த ஆட்டுக் கிடாவை விற்றாயிற்று. மில்லுக்கு லீவு விட்ட நாளில் நாலு பேரும் கள்ளக்குறிச்சிக்கு நடந்தோம். அப்பா எங்களுக்குப் பின்னால் தள்ளியே வந்தார்; செருப்பு கடிக்கிறது என்றார். அம்மா இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம்.

"அது எதுக்கு?" என்றார் அப்பா.

"செருப்பு வாங்கப் போறவன் கால வூட்ல வெச்சிட்டா போவான்? கொடம் வெச்சிப் பாத்துத்தான் வாங்கணும்."

சைக்கிள் கடையில் புது ரப்பரும் கிரீசும் கலந்த வாசனை. கைப்பிடிகளுக்கு இன்னும் காகிதம் சுற்றியிருந்தது. அம்மா நுழைந்ததும் ஒவ்வொரு கேரியராகக் குடத்தை வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"இன்னாமா, சைக்கிள் வாங்க வந்தியா, குடித்தனம் வெக்க வந்தியா?"

"அது எங்க வூட்லதான் குடித்தனம் பண்ணப் போவுது. ஒத்து வருமான்னு பாக்க வாணாமா?"

"ரேஷன் அரிசி, அடுப்பு எல்லாம் கொண்டாறதுதானே?"

"கொண்டாந்திருப்பேன். நீங்க டீத்தண்ணி குடுப்பீங்கன்னுதான் வுட்டுட்டு வந்தேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. எனக்கு அந்தப் பெரிய கறுப்பு வண்டிமேல்தான் கண். நடுவில் உயரக் கம்பி, கனமான பிரேம். அந்தக் கம்பியில் உட்கார்ந்து போகும் ஆசையில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை அமுக்கினார், மணியை அடித்தார், செயின் தகட்டைத் தட்டினார்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திக்கினே இருந்தா எப்படி? ஏறி ஒரு ரவுண்டு வந்து பாருய்யா" என்றார் கடைக்காரர்.

அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். சந்தில் யாரும் இல்லை. அப்பா இடது காலைப் பெடலில் வைத்து வலது காலைத் தூக்கினார். கால் கம்பி உயரத்துக்கு வரவில்லை. வண்டியைச் சாய்த்துப் பார்த்தார். கேரியருக்குப் பின்னாலிருந்து காலைப் போட்டுப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கையாலேயே காலைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை. திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"கம்பி ஒசரமா வெச்சிருக்கான்" என்றார்.

அப்பாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று நான் நினைத்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் சும்மா தள்ளிவைக்க முடியவில்லை.

கடைக்குத் திரும்பியதும் அப்பா ஓரத்தில் நின்ற சிவப்பு வண்டியைக் காட்டினார். "அத்த எடுங்க."

"அது லேடீஸ்யா."

கடையில் இன்னும் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அப்பா அவர்களையும் பார்த்து, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்: "எனக்கு இன்னாத்துக்குங்க சைக்கிளு? பாப்பாவுக்குத்தான். ஒம்போதாவது போவுது. கள்ளக்குறிச்சி இஸ்கூலுக்கு."

அம்மா குடத்தை வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அக்கா கடை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. செருப்பில்லாத கால்விரல்கள் மண்ணைப் பற்றிக்கொண்டதுதான் தெரிந்தது.

"பொண்ணப் படிக்க வெக்கிறியா? நல்ல மனுஷன்யா நீ" என்று சொல்லிக் கடைக்காரர் ஒரு மஞ்சள் துணியை சும்மாவே கொடுத்தார், வண்டி துடைக்க.

வரும்போது அம்மா கேட்டாள்: "நெசமாவா சொன்ன?"

"நாலு பேருக்கு முன்னால சொல்லியாச்சி இல்ல" என்றார் அப்பா. 

அக்கா மூன்றே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். களத்து மேட்டில் நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவேன். நாலாவது நாள் என்னால் அவளைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டினாள். புத்தகச் சாக்கு அவிழ்ந்தே கிடந்தது. பக்கத்துத் தெரு அண்ணி ஒருத்தி கொடுத்த நீலத் தாவணியைத் துவைத்துத் துவைத்துக் காயப் போட்டாள்.

ஆனால் அவளுக்கு வண்டி கிடைத்ததெல்லாம் சாயங்காலம்தான். வாங்கி வந்த மறுநாளே அப்பா அதில் ஏறி மில்லுக்குப் போய்விட்டார். ஏறுவது என்றால், தாழ்ந்த கம்பிக்கு மேலே காலை நுழைத்து அலுங்காமல் உட்காருவார். அழகாகவே ஓட்டினார். பிறகு ஏன் அந்தச் சந்தில் அப்படி என்று எனக்கு மண்டை குடைந்தது. கேட்க பயம்.

மில்லில் விட்டு வைப்பார்களா? நான் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அவர்கள் கேலிதான்.

"இன்னாண்ணா, மஞ்சப் பூசிக்கினு வரலியா?"

"தாவணி ஒண்ணு பாக்கி!"

அப்பா சலிக்காமல் ஒரே பதில் வைத்திருந்தார். "புது வண்டி இறுக்கமா இருக்குதுடா. இஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பாப்பாவுக்குப் பழக்கி வெக்கறேன்." மேஸ்திரியும் அதைக் கேட்டுத் தலையாட்டினார். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. குடையை ஊன்றிக்கொண்டு, ஆட்களின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடம் திறந்தது. எங்கள் ஊரில் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்று காலை அக்கா தாவணி கட்டி, தலைவாரி, பையோடு வாசலுக்கு வந்தபோது சைக்கிள் இல்லை. அப்பா விடிவதற்கு முன்னமே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவள் தாவணி கட்டவில்லை.

அம்மா ராத்திரி சோறு போடும்போது பிடித்துக்கொண்டாள். முதலில் படிப்பே வேண்டாம் என்றவள் அவள்தான். அதையெல்லாம் மறந்துவிட்டாள். "பாப்பாவுக்கு, பாப்பாவுக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு, சொகுசா நீ போய்க்கினு வந்துக்கினு இருக்கிற. ரெண்டு கால் இருக்குது இல்ல, நடந்தா இன்னா?"

அப்பா சாப்பிடாமல் எழுந்து போய் வேப்பமரத்தடியில் நின்றார். அவர்மேல் எங்களுக்கு அத்தனை கோபம். மூவரும் ஒரே அணி. நான் மனசுக்குள் பொய்யன் என்றுகூடச் சொன்னேன்.

நாலாம் நாள் மத்தியானம் தூக்குவாளியோடு மில் வாசலில் நின்றேன். மேஸ்திரி அப்பாவைக் கேட்டார்: "இஸ்கூல் தொறந்து நாலு நாள் ஆச்சே. வண்டி இங்க கீது. பொண்ணு எங்க?"

அப்பா தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். "புதங்கெழம... நாள் நல்லாருக்குதுன்னு... அன்னிக்கி அனுப்பறேங்க."

"பாத்துக்கோ. அதுக்குன்னு சொல்லித்தானே வாங்கின" என்றவர், அப்பாவின் இடுப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்.

புதன்கிழமை காலையில் அப்பா வண்டியை வாசலுக்கு இறக்கினார். "ஏறு பாப்பா பின்னாடி. மில்லு வரைக்கும் நான் ஓட்டறேன். அங்கேருந்து நீ ஓட்டிக்கினு போ. சாயங்காலம் மில்லுக்கு வா, சேந்து வூட்டுக்கு வந்துடலாம்." எவ்வளவு எளிய வழி! இதை ஏன் முதல் நாளே செய்யவில்லை என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் வழக்கம்போல பின்னாலேயே ஓடினேன், ஏரிக்கரை வரைக்கும் கூடப் போகலாமென்று.

ஏரிக்கரை ஏற்றத்தில் தெரிந்துவிட்டது ஏன் என்று. ஒற்றை ஆளாக எப்படியோ மிதித்துப் போன அப்பாவால், பின்னால் ஒரு ஆளை வைத்து அந்த மேட்டில் மிதிக்க முடியவில்லை. வலது பெடல் கீழே இறங்கவே இல்லை. வண்டி நின்றது, சாய்ந்தது. அக்கா குதித்துவிட்டாள், அப்பா விழுந்தார். எழுந்திருக்கத் தரையில் கை ஊன்றினார். வலது கால் மடங்க மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து அவர் காலை இழுத்து வைத்துக்கொண்டதை, அந்தச் சந்தில் பார்த்த அதே மாதிரி பார்த்தேன். தூரத்தில் மலை நீலமாக நின்றது. எங்கள் மூன்று பேரில் யாருக்கும் அடுத்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா வண்டியை நிமிர்த்தினாள். முன் சக்கரத்தைக் காலுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டிலை நேராக்கினாள். "நீ பின்னாடி உக்காருப்பா."

"ஊரே சிரிக்கும்மா."

"மணி ஆவுது."

அப்பா ஒருக்களித்து உட்கார்ந்தார், கல்யாணத்துக்குப் போகும் பெண் மாதிரி. அக்கா நின்றுகொண்டே மிதித்து மேட்டை ஏற்றிவிட்டாள்.

மில் வாசலில் மூட்டைக்காரர்கள் வாயில் விரலை வைத்து விசிலடித்தார்களாம். அப்பா இறங்கியதும் சொல்லியிருக்கிறார்: "பாப்பாவுக்கு இன்னும் பேலன்ஸ் வரல. பின்னாடி ஆள் இருந்து சொல்லிக் குடுத்தாத்தான் ஓட்டுது."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அக்கா புத்தகப் பையை வீசிவிட்டுக் கத்தினாள். "எனக்கு ஓட்டத் தெரியலன்னு ஏம்பா சொன்ன? கைய வுட்டுட்டு ஓட்டறேன் நானு! அத்தினி ஆம்பளைங்க முன்னால என்ன மக்குன்னு சொல்லிட்ட!"

அப்பா மறுநாளும் பின்னால் உட்கார்ந்தார். மறுநாளும் அதையே சொன்னார். தினம் தினம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். தினம் சாயங்காலம் மில் களத்தின் ஓரத்தில், வெள்ளை வெளேரென்று காயும் ஜவ்வரிசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா வேலை முடியும் வரைக்கும் கணக்குப் போட்டாள். வீட்டில் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். காலாண்டுப் பரீட்சையும் முடிந்தது.

மழைக்கால ஆரம்பத்தில் ஒருநாள் எங்கள் வாத்தியாருக்குக் காய்ச்சல், எங்கள் வகுப்புக்கு லீவு. அப்பா தூக்குவாளியை மறந்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்துக்கொண்டு நான் குறுக்கு வழியில் ஓடினேன். மில்லை நெருங்கும்போதே மூக்கில் ஏறிவிடும், கிழங்கை அரைத்து மாவெடுத்தபின் மிஞ்சும் சக்கையின் புளித்த நாற்றம். திப்பி என்போம். அது வாசலுக்குப் பக்கத்தில் ஈரமாக, ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது.

நான் போய்ச் சேர்வதற்கும் அக்காவும் அப்பாவும் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. மேஸ்திரி குடையோடு வழியில் நின்றார். ரோட்டு வளைவிலிருந்தே அக்கா ஓட்டி வந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"பொண்ணு ரயிலு கணக்கா நேரா ஓட்டிக்கினு வருது. நீ இன்னாத்த கத்துக் குடுக்கற? தினம் எதுக்குய்யா பின்னாடி குந்திக்கினு வர?" குடையின் நுனி அப்பாவின் வலது காலுக்கு நேராக வந்து நின்றது. "கால்ல இன்னா உனக்கு? தோ, அந்த லாரி வரைக்கும் நடந்து போய்ட்டு வா, பாக்கறேன்."

மூட்டைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்பா வண்டியைப் பிடித்தபடியே நின்றார். ஏரிக்கரையில் விழுந்த பிறகு, வெறும் கையோடு நாலு எட்டு வைத்தாலே அவருக்குக் கால் இழுத்துக்கொண்டிருந்தது. நான் தூக்குவாளியை நீட்டக்கூட மறந்துபோனேன்.

"நேரமாச்சி, நான் போறேம்பா" என்றாள் அக்கா. அப்பாவின் கையிலிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு பெடலை மிதித்தாள்.

இரண்டு மிதி போனாள். ஹேண்டில் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. "ஐயோ, யப்பா! யப்பா!" என்று கூவினாள். மேஸ்திரி குடையோடு துள்ளி ஒதுங்கினார். வண்டி வாசல் தூணை உரசி, நேரே போய்த் திப்பிக் குவியலில் சொருகிக்கொண்டது. அக்கா முழங்கை வரைக்கும் உள்ளே போய்விட்டாள். நீலத் தாவணி, பாவாடை, பின்னல், பை, எல்லாம் புளித்த வெள்ளைச் சேறு.

மில்லே அதிர்ந்தது சிரிப்பில். ஒருத்தர் மூட்டையின்மேல் படுத்துப் புரண்டு சிரித்தார். மேஸ்திரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தூக்குய்யா, பொண்ணத் தூக்கு! நாலு மாசமா நல்லா கத்துக் குடுத்திருக்கற போ! இத்த தனியா வுட்டா லாரில வுட்டுடும். நீ பின்னாடியே வந்து தொலை. போ, போய் மூட்டைய எடு!"

நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்திருப்பேன். அப்பா மட்டும் சிரிக்காமல் போய் வண்டியை இழுத்து நிறுத்தினார். தன் தலைத்துண்டை அவிழ்த்து அவள் முகத்தைத் துடைக்கப் போனார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மறுபடி தள்ளாடி, காலைத் தரையில் தட்டித் தட்டி, வாசலைக் கடந்து ரோட்டுக்குப் போனாள்.

இன்னொரு தடவை விழுவாள், அதையும் பார்த்துவிடலாம் என்றுதான் நான் ரோட்டு வளைவு வரைக்கும் பின்னாலேயே ஓடினேன்.

வளைவு தாண்டியதும் மில் மறைந்துவிடும். அங்கே போய்ப் பார்த்தபோது அவள் வெகுதூரம் போயிருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் ஹேண்டிலில் இல்லை. தாவணி முனையைப் பிடித்துத் திப்பியை உதறிக்கொண்டே, ரோட்டின் நடுவில், நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.